யோசித்து முளைக்கும் நெல்

சேற்று விதைப்புக்கு நெல் ஊறப்போடும் நாளில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு பரல்கள் நிற்கும். ஒன்றில் போன போகத்து நெல். மற்றதில் அறை மூலையில் மூன்று வருசமாகக் கிடந்த நெல். தட்டுப்பாடு வந்தால் உதவும் என்று ஒதுக்கி வைத்தது. இரண்டும் ஒரே இனம், ஒரே வயலில் வெட்டியவை. ஒரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடினால் புது நெல் ஒன்றரை நாளில் வெள்ளை முளை காட்டிவிடும். பழையது அப்போதும் வாய் திறக்காது. "அது கொஞ்சம் யோசிச்சுத்தான் முளைக்கும்" என்பார் பெரியப்பா.

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். பெரியப்பா சொல்வதைப் பல வருசம் பகிடியாகத்தான் எடுத்திருந்தேன். விதைகளைப் பற்றிப் பிறகு வாசித்தபோதுதான் அவர் ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. பழைய விதை அந்த இரண்டு நாளும் சும்மா கிடக்கவில்லை. தன் டி.என்.ஏயை, அதாவது பரம்பரைச் செய்தி எழுதியிருக்கும் இழையை, திருத்திக்கொண்டிருந்தது.

நன்றாகக் காய்ந்த நெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்காது. அந்த வறட்சியில் விதையின் வேலைகள் எல்லாம் கிட்டத்தட்ட நின்றுபோகின்றன. ஆனால் சேதம் நிற்பதில்லை. காற்றில் உள்ள ஒட்சிசனும் வெப்பமும் மெதுவாகத் தங்கள் வேலையைச் செய்கின்றன, டி.என்.ஏயில் எழுத்துகள் கழன்று விழுகின்றன, இழைகள் அங்கங்கே அறுகின்றன. அறுந்ததைக் கட்டும் நொதியங்களுக்கு, அதாவது கலத்தின் வேலைகளைச் செய்யும் புரதங்களுக்கு, தண்ணீர் வேண்டும், அதுவோ இல்லை. சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. பரலில் தண்ணீர் பட்டதும் விதை முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இந்தத் திருத்தம். டி.என்.ஏயைப் படியெடுப்பதும் கலங்கள் பிரிவதும் அதற்குப் பிறகுதான். மூன்று வருசச் சேதத்துக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

படியெடுப்பு, திருத்தம் இரண்டையும் பாடப்புத்தகம் வேறு வேறு இடத்தில் வைக்கிறது. பிள்ளைகளும் படியெடுப்பைப் பாடமாக்கிவிட்டு, திருத்தத்தை 'வந்தால் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் கோளாறு. டி.என்.ஏ என்றதும் கல்வெட்டு மாதிரி உறுதியான ஒன்றை நினைக்கிறோம். உண்மையில் அது ஓலை. ஓலை சில நூறு ஆண்டுகளில் இற்றுவிடும், கறையான் அரித்துவிடும். ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறது. ஓலை நிலைத்ததால் வந்ததல்ல அது; யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை இருந்து பார்த்து எழுதினார்.

முதலில் எழுதும் விதத்தைப் பார்ப்போம். டி.என்.ஏயை இரண்டு புரியாகத் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் நான்கே: அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன். ஒரு புரியில் அடினீன் இருந்தால் எதிர்ப்புரியில் தைமீன் இருக்கும். குவானீனுக்கு எதிரே சைற்றோசீன். 1953இல் வாற்சனும் கிரிக்கும் இந்த அமைப்பை வெளியிட்டபோது, படியெடுக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். றொசலின்ட் பிராங்கிளினின் ஆய்வுகூடத்தில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் இல்லாமல் அவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புரிகளைப் பிரித்தால் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிடலாம். அப்படியானால் புதிய கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு பழைய புரியும் ஒரு புதிய புரியும் இருக்க வேண்டும். 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் பாரமான நைதரசனில் பற்றீரியாவை வளர்த்து, அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார்கள்.

சொல்வது லேசு. கிணற்றுக் கயிற்றின் இரண்டு புரியையும் நடுவில் பிடித்து இழுத்துப் பார்த்தவருக்குச் சிக்கல் தெரியும்: பிரியப் பிரிய முன்னால் உள்ள பகுதி முறுகி முடிச்சு விழும். கலத்திலும் அதேதான். புரிகளைப் பிரிக்கும் ஹெலிக்கேசு முன்னேறும்போது, அதற்கு முன்னால் ஏறும் முறுக்கை எடுக்கவென்றே தொபோஐசோமரேசு என்று இன்னொரு நொதியம் நிற்கிறது. அது கயிற்றை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியர்கள் எழுதும் சிப்ரோபிளொக்சசின் குளிசை பற்றீரியாவின் இந்த நொதியத்தைத்தான் பிடிக்கிறது. வெட்டியதை ஒட்டவிடாமல் செய்துவிடும். பற்றீரியா தன் கயிற்றிலேயே சிக்கிச் சாகும்.

அடுத்த சிக்கல் திசை. புதிய எழுத்துகளைக் கோக்கும் டி.என்.ஏ பொலிமரேசு ஒரு திசையில்தான் எழுதும், நம் எழுத்தாணி இடமிருந்து வலமாகத்தான் போகும் என்பதைப் போல. புரிகளோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுபவை. ஒரு பக்கம் பிரியப் பிரியத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டு போகலாம். மறுபக்கம் கொஞ்சம் பிரிந்ததும் பின்னால் போய்த் துண்டாக எழுதி, மேலும் பிரிந்ததும் திரும்ப வந்து இன்னொரு துண்டு எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும். பரீட்சையில் 'ஒக்கசாக்கித் துண்டங்கள்' என்று ஐந்து வினாடியில் எழுதிவிடுகிறோம். பற்றீரியாவில் ஒரு துண்டம் 1000 முதல் 2000 எழுத்து நீளம். நம் கலங்களில் 100 முதல் 200தான்.

அந்தப் பெயருக்குரிய றெய்ஜி ஒக்கசாக்கியைப் பற்றி வகுப்பில் நான் கட்டாயம் சொல்வதுண்டு. 1930இல் ஹிரோசிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்தபோது பள்ளிக்கூட வயது, கதிர்வீச்சுக்கு ஆளானார். பிறகு நகோயா பல்கலைக்கழகத்தில் மனைவி சுனேக்கோவுடன் சேர்ந்து, டி.என்.ஏ துண்டு துண்டாகவும் எழுதப்படுகிறது என்று 1960களில் கண்டுபிடித்தார். 1975இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 44 வயது. சுனேக்கோ அந்த ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எங்கள் பிள்ளைகளுக்குக் குண்டைப் பற்றித் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, வேகம். மனிதக் கலத்தில் பொலிமரேசு ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 50 எழுத்துகள் கோக்கிறது. நம் டி.என்.ஏ நிறமூர்த்தம் என்ற தனித்தனிக் கயிறுகளாக இருக்கிறது; மிகப் பெரியது 25 கோடி எழுத்து நீளம். நடுவில் ஓரிடத்தில் தொடங்கி இருபக்கமும் எழுதிக்கொண்டு போனாலும் முடிய ஒரு மாதம் செல்லும். கலம் அதை ஏறக்குறைய எட்டு மணித்தியாலத்தில் முடிக்கிறது. எப்படியென்றால், பல்லாயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் வேலை தொடங்குகிறது. பெரிய வயலில் அருவி வெட்ட ஆட்கள் எல்லா மூலையிலும் இறங்குவது போல. ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்கு 46 இலட்சம் எழுத்துதான், செக்கனுக்கு ஆயிரம் என்று ஓடும், ஒரு தொடக்கப் புள்ளியே அதற்குப் போதும்.

இவ்வளவு அவசரத்தில் எழுதினால் பிழை வராதா? வரும். பொலிமரேசு இலட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விடும். நல்ல கையெழுத்தாளர்தான். ஆனால் ஒரு மனிதக் கலத்தில் உள்ளவை 640 கோடி எழுத்துகள். ஒரு தடவை பிரிய 64,000 பிழை என்றால் குடும்பம் நடக்காது. அதனால் பொலிமரேசு எழுதியதை அங்கேயே திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. கடைசி எழுத்து சரியாக உட்காரவில்லை என்றால் பின்வாங்கி, அதை வெட்டி, மறுபடி எழுதும். பிழை நூறில் ஒன்றாகக் குறையும். அதற்கும் தப்பியதைப் பிடிக்க, பின்னால் ஒரு நொதியக் குழு வருகிறது.

அந்தக் குழுவுக்கு ஒரு சங்கடம் உண்டு. இரண்டு புரியிலும் எழுத்து பொருந்தவில்லை என்று தெரிகிறது, சரி. எது மூலம், எது படி? மூலத்தைப் படிக்கு ஏற்பத் திருத்திவிட்டால் பிழையே பாடமாகிவிடும். சுவடியில் பாடபேதம் பார்த்தவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்கள். போல் மொட்றிச் என்ற ஆய்வாளர் பற்றீரியாவில் இதன் விடையைக் காட்டினார். பழைய புரியில் மெதைல் என்ற சிறு இரசாயனக் குறி ஆங்காங்கே ஏறியிருக்கும். புதிய புரியில் அந்தக் குறி ஏறக் கொஞ்ச நேரம் செல்லும். மை தடவி ஏறிய பழைய ஏட்டையும் இன்னும் பச்சை மாறாத புது ஓலையையும் நிறத்தைப் பார்த்தே பிரிப்பது போல, குறி இல்லாத பக்கம்தான் புதிது என்று கண்டு அதைத் திருத்துகிறார்கள். நம் கலங்களில் குறி வேறு. புதுப் புரியில் இன்னும் ஒட்டப்படாமல் இருக்கும் வெட்டுகளே அடையாளம். இந்தக் குழுவில் ஒருவர் பிறவியிலேயே பழுதாக இருந்தால் லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி வரும். அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே தலைகாட்டும். குழு முழுதாக வேலை செய்தால், 640 கோடி எழுத்துக்கு மிஞ்சுவது ஓரிரண்டு பிழைகள்.

இதுவரை சொன்னது எழுதும்போது வரும் பிழை. எழுதி வைத்த பிறகு தானாக வரும் அழிவு இதைவிடப் பெரிது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் சுவீடன்காரர் தோமஸ் லின்டால். டி.என்.ஏ உறுதியான பொருள் என்று எல்லோரும் நம்பியிருந்த 1970களின் தொடக்கத்தில், வெறும் தண்ணீரும் உடற்சூடும் அதை என்ன செய்யும் என்று அவர் அளந்தார். ஒரு கலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 எழுத்துகள் கழன்று விழுகின்றன என்று வந்தது. நஞ்சு வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம். உயிரோடு இருப்பதே போதும். இப்படிப்பட்ட பொருளில் உயிர் தங்கியிருக்கிறது என்றால் யாரோ ஓயாமல் திருத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம் என முடிவு கட்டி, அந்தத் திருத்துகிறவரைத் தேடிப் போனார்.

இரணைமடுக் குளத்தின் கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. மண் கட்டு தானாக நிற்பதில்லை. எலி வளை தோண்டும், மழை அரிக்கும், மரம் வேர் விடும். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் யாராவது நடந்து பார்த்து அடைப்பதால்தான் குளம் குளமாக இருக்கிறது.

லின்டால் கண்ட ஒரு விசயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சைற்றோசீன் எழுத்து தண்ணீரால் தானாக மாறி யுராசில் ஆகிவிடும். ஒரு கலத்தில் நாளொன்றுக்கு நூறு, சில நூறு தடவை இது நடக்கும். டி.என்.ஏயின் செய்தியைக் காவிச்செல்லும் ஆர்.என்.ஏயில் யுராசில் சாதாரண எழுத்துதான், டி.என்.ஏ மட்டும் ஏன் அதற்குப் பதில் தைமீனைப் பாவிக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். யுராசில் இங்கேயும் முறையான எழுத்தாக இருந்திருந்தால், கெட்டுப்போன சைற்றோசீன் எது, உண்மையான யுராசில் எது என்று திருத்துகிறவரால் பிரிக்க முடியாது. தைமீனைப் பாவிப்பதால் டி.என்.ஏயில் யுராசிலைக் கண்ட இடமெல்லாம் பிழை. எடு, எறி, சைற்றோசீன் வை. அதை எடுக்கும் நொதியத்தை அவர் 1974இல் கண்டார்.

இனி வெயில். நம் வயலில் சித்திரை வெயிலில் நிற்கும் நெல்லுக்கும் வரம்பில் நிற்கும் கமக்காரருக்கும் விழுவது ஒரே புற ஊதாக் கதிர். அது அடுத்தடுத்துள்ள இரண்டு தைமீனைச் சேர்த்து ஒட்டிவிடும். அந்த இடத்தில் பொலிமரேசு தடக்கி நிற்கும். இதைத் திருத்த நெல்லிடம் அருமையான ஒரு நொதியம் உண்டு, போட்டோலயேசு என்று பெயர். வெயிலின் நீல ஒளியையே சக்தியாக எடுத்து, வெயில் ஒட்டியதைப் பிரித்துவிடும். எல்லா நெல் இனத்திலும் இது ஒரே திறமையாக வேலை செய்வதில்லை. புற ஊதாவைத் தாங்கும் சக்தி இனத்துக்கு இனம் வேறுபடுவதற்கு இதுவே முக்கிய காரணம் என்று யப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பற்றீரியாவிடம் போட்டோலயேசு உண்டு, தவளையிடம் உண்டு, கங்காருவிடமும் உண்டு. நம்மிடம் இல்லை. சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) உள்ள பாலூட்டிகள் எங்கோ வழியில் அதைத் தொலைத்துவிட்டன.

நம்முடைய வழி சுற்றுவழி. ஒட்டிய தைமீன்களின் இரண்டு பக்கமும் வெட்டி, ஏறக்குறைய 30 எழுத்துள்ள துண்டையே தூக்கி எறிந்து, எதிர்ப்புரியைப் பார்த்துப் புதிதாக எழுதுகிறோம். பற்றீரியாவிலும் இதே வெட்டும் வழி, துண்டு சிறிது. அதை விளக்கியவர் அசீஸ் சன்ஜார். துருக்கியின் தென்கிழக்கில் சாவூர் என்ற சின்னக் கமக்கார ஊரில், எழுத வாசிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். ஊர்ப்பக்கம் வைத்தியராக இருந்துவிட்டு ஆய்வுக்குப் போனவர். லின்டால், மொட்றிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வெட்டும் வழி பிறவியிலேயே பழுதான பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெயில் பட்டாலே தோல் புண்ணாகி, சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. சீரோடேர்மா பிக்மென்டோசம் என்ற அந்த நோயில் திருத்தம்தான் பழுது என்று ஜேம்ஸ் கிளீவர் 1968இல் காட்டினார்.

வெற்றிலையையும் இங்கே சொல்ல வேண்டும், பெரியப்பா கோபித்தாலும். பாக்கை 2004இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டுக்கும் அதே தீர்ப்பு. சுண்ணாம்பு சேர்ந்ததும் பாக்கின் சாறு தீவிரமான ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்கி, கன்னத்து உட்தோலின் டி.என்.ஏயைக் குதறும். புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். திருத்தும் நொதியங்கள் அங்கேயும் இருக்கின்றனதான். ஆனால் வாயின் தோல் புண்பட்டுப் புண்பட்டு, கலங்கள் திரும்பத் திரும்பப் பிரிகின்றன. திருத்துவதற்கு முன் படியெடுப்பு வந்துவிட்டால் கெட்ட எழுத்துக்கு எதிரே பொருந்தாத எழுத்து உட்காரும். அடுத்த தடவை பிரியும்போது இரண்டு புரியும் அழகாகப் பொருந்தும். அதன் பிறகு எந்தத் திருத்துகிறவராலும் பிழை என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் விகாரம்.

எழுத்து கெடுவதைவிட மோசம் கயிறே அறுவது, இரண்டு புரியும் ஒரே இடத்தில். பார்த்து எழுத எதிர்ப்புரி இல்லை. கலத்துக்கு இரண்டு வழி: அறுந்த முனைகளை அப்படியே பிடித்து முடிவது, இதில் சில எழுத்து காணாமல் போகலாம், அல்லது படியெடுப்பு முடிந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப் பிரதியைப் பார்த்து விட்ட இடத்தை நிரப்புவது. இரண்டாவது வழிக்கு வேண்டிய புரதங்கள்தான் பி.ஆர்.சி.ஏ. 1, 2. அவை பழுதான பெண்களுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

எங்கள் பக்கத்திலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ கதிர்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரே நாளில் குடுத்து முடிச்சால் என்ன, ஏன் கிழமைக் கணக்காய் அலைக்கழிக்கினம்?" கதிர்வீச்சு கொல்வது இந்தக் கயிற்றை அறுத்துத்தான், நல்ல கலத்திலும் புற்றுநோய்க் கலத்திலும். நல்ல கலம் ஒரு நாள் இடைவெளியில் பெரும்பாலும் கட்டிக்கொள்கிறது. திருத்தம் ஏற்கெனவே பழுதான புற்றுநோய்க் கலங்களில் பலவற்றுக்கு அது முடிவதில்லை. அடி மேல் அடி விழும். அந்த அலைச்சல் நல்ல கலங்களுக்குக் கொடுக்கும் அவகாசம். இதை முதல் நாளே யாராவது இருத்திச் சொன்னால் பாதி வழியில் மறித்து நிற்பவர்கள் குறைவார்கள் என்று நினைக்கிறேன்.

கயிறு அறுந்திருக்கும்போது படியெடுக்காதே என்று கலத்தை நிறுத்தி வைக்கும் புரதங்களும் உண்டு. ஏ.ரி.எம். அவற்றில் ஒன்று, நம்மிலும் இருக்கிறது, தாவரங்களிலும் இருக்கிறது. கடுகுக் குடும்பத்து அரபிடொப்சிஸ் என்ற சின்னச் செடியில் அதை எடுத்துவிட்டுப் பழைய விதைகளை முளைக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவை தாமதிக்காமல் முளைத்தன. ஆனால் வேர் நுனியில் நிறமூர்த்தங்கள் உடைந்து தாறுமாறாகக் கிடந்தன. யோசிக்காமல் முளைத்த விதைகள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பின்ன?" என்றார்.

திருத்தம் நிற்கும் இடம் மரணம். எங்கள் ஊரில் டி.என்.ஏ என்ற சொல்லை அதிகம் பேர் கேட்டது வகுப்பறையில் அல்ல, அகழ்வுக் குழிகளின் ஓரத்தில். 2023 யூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. உயிர் போனதும் கலத்தின் நொதியங்களே டி.என்.ஏயை அரியத் தொடங்கும், பிறகு மண்ணின் பற்றீரியா, பிறகு லின்டால் அளந்த அதே தண்ணீர். நாளுக்குப் பத்தாயிரம் விழ, ஒன்றுகூடத் திரும்ப வைக்கப்படாது. ஈரமும் சூடும் சேர்ந்த நம் மண்ணில் இது வேகம். தடித்த எலும்புக்குள்ளும், பல்லுக்குள்ளும், உட்காதைச் சூழ்ந்துள்ள கெட்டியான எலும்புக்குள்ளும் துண்டுகள் கொஞ்சம் மிஞ்சும்.

அந்தத் துண்டுகளில் தேட வேண்டியவற்றில் ஒன்று, கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான இழைமணியின் டி.என்.ஏ. மற்ற டி.என்.ஏ ஒரு கலத்தில் இரண்டு பிரதிதான். இது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதால் அழிந்தது போக மிஞ்ச வாய்ப்பு அதிகம். நீளம் 16,569 எழுத்து. தாயிடமிருந்து மட்டுமே வரும். அது தனியே ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்லாது, ஆனால் எந்தத் தாய்வழி என்று காட்டும். தகப்பன் வழியைப் பார்க்க ஆண்களில் வை நிறமூர்த்தம் இருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்தபடி உட்காரத் தொடங்கிய தாய்மாரில் பலர் இன்று உயிரோடு இல்லை. தாய் போன பிறகு யாருடைய இரத்தத்தோடு ஒப்பிடுவது என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடலாம். கூடப் பிறந்த சகோதரியோடு ஒப்பிடலாம், அந்தச் சகோதரியின் பிள்ளைகளோடும் ஒப்பிடலாம். அவர்கள் எல்லோரிடமும் இருப்பது கிட்டத்தட்ட அதே 16,569 எழுத்துகள்தான் என்று சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொள்ளவில்லை. பெரியம்மாவின் வயதை விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.